எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா?

ஜூன் 4, ஞாயிறு

பத்தாம் வகுப்பு அறிவியல் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறேன். முதல் நான்கு பக்கங்களில் செம்பருத்திப் பூவும் தவளையும் வரைந்திருக்கிறேன். தவளைக்குப் பாகம் குறிப்பதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள்தான்.

இன்று அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தாள். அரசாங்கம் பிளஸ் டூவில் சும்மா கொடுத்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத எதுக்கு வெளிய எடுக்க?"

"புள்ள சும்மாதான கெடக்கு. தமிழ் டைப் அடிச்சுப் படிக்கட்டும்."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய லேப்டாப் என்று பேச வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

ஜூன் 5, திங்கள்

எங்கள் மாவு மில்லில் இருபது கிலோ மல்லி, எட்டுக் கிலோ வத்தல் அரைத்தோம். நான் சலிக்கிற இடத்தில், கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். ஆள் வந்தால் அம்மா பேசுவாள்.

மதியம் மில்லை நிறுத்தியதும் லேப்டாப்பைத் திறந்தேன். விண்டோஸ் கடவுச்சொல் கேட்கிறது. என் பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

பவுலின் மிளகாய் அரைக்க வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து இடம். இப்போது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வகுப்பில் எல்லோரும், "பேரு பேச்சியம்மா, வாயத் தொறக்க மாட்டா" என்று கேலி செய்யும்போது சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். கதவுக்குப் பின்னால் வந்து பேசினாள்.

"விண்டோஸ் தொறக்கலன்னா விட்டுத்தள்ளு ஏட்டி. ஊருல அது ஒண்ணுதான் இருக்கா? லினக்ஸ் போடு."

"ரூவா?"

"சும்மாட்டி. யாரு வேணாலும் எடுக்கலாம், உள்ள தொறந்து பாக்கலாம், மாத்தலாம். அதுல பல தினுசு இருக்கு. ஒண்ணொண்ணா ஓட்டிப் பாரு, பிடிச்சதப் போட்டுக்க. மாப்பிள்ள பாக்கது மாதிரி இல்ல, வேண்டாம்னா கோவிச்சுக்காது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவள் பையிலிருந்த பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஐந்து இருக்கிறதாம். எப்படித் தொடங்குவது என்பதை மிளகாய்ப் பையின் மேல் எழுதிக் காட்டினாள்.

ஜூன் 7, புதன்

முதலில் பப்பி. மிகச் சின்னது, நிமிடத்தில் வந்துவிட்டது. வந்ததும் நாய் மாதிரிக் குரைத்தது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, "மில்லுக்குள்ள நாய் வந்துட்டு பாரு, மாவுல வாய வச்சிரப் போவுது" என்று கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேடிவிட்டுத் திரும்பி வந்து படுத்தார். இரண்டு வருடத்தில் நான் வாயைப் பொத்திச் சிரித்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 9, வெள்ளி

உபுண்டு: பெரிய ஆள். விசிறி கதறுகிறது. சுட்டியை நகர்த்தினால் யோசித்துவிட்டு நகர்கிறது.

மின்ட்: பார்க்க லட்சணம். ஆனால் இரண்டு சன்னல் திறந்தால் மூச்சு வாங்குகிறது.

டெபியன்: அலங்காரம் கிடையாது. கேட்டதைச் செய்கிறது, கேட்காததைச் செய்வதில்லை. அம்மா போனை வயரில் மாட்டினால் நெட் வருகிறது.

எல்லாவற்றிலும் 'நிறுவாமல் முயன்று பார்' என்று ஒரு வழி இருக்கிறது. அப்படி ஓட்டினால் நாம் எழுதுவது எதுவும் தங்காது. அணைத்ததும் யாரும் வந்துபோகாத வீடு மாதிரி ஆகிவிடும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. டெபியனில் ஒரு பக்கம் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு அணைத்தேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 10, சனி

ஐந்தாவதன் பெயர் கொன்றை. தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து செய்தது. மெனுப் பட்டியெல்லாம் தமிழ். வேகமும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு அணைக்கப் போனேன். மற்றவை எல்லாம் 'உறுதியாக அணைக்கவா?' என்ற மாதிரி ஏதாவது கேட்கும். இது கேட்டது:

'எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா?'

'இல்லை' என்பதை அழுத்திவிட்டேன்.

தினமும் காலையில் பள்ளிக்கூட வேன் வரும்போது அக்கா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இதைத்தான் கேட்பாள். 'எல்லாம் எடுத்து வச்சாச்சா?' ஒரு நாளும் நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்ததில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் மேசையில் கிடக்கும். அவள் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

'கொன்றை பற்றி' என்ற இடத்தில் தமிழாக்கம் செய்தவர்கள் என்று ஐந்து பேர் இருந்தார்கள். நான்காவது பெயர்: சு. ஆவுடைச்செல்வி, திருநெல்வேலி.

அக்கா கல்லூரியில் படிக்கும்போது ராத்திரியெல்லாம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது. நாங்கள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தோம்.

ஜூன் 11, ஞாயிறு

அந்தப் பெயரை எழுத்தில் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வேன் சத்தம் கேட்டால் சலிக்கும் இயந்திரத்தைப் போட்டுவிடுகிறேன்.

யாராவது பின்னால் இந்த நோட்டைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அக்கா தான் விரும்பியவரோடு போனது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டு மாதம். அவர்கள் வேறு சாதி ஆட்கள். மறுநாள் அப்பா மில் முற்றத்தில் குழாயடியில் உட்கார்ந்து தலைமுழுகினார். செத்தவர்களுக்குச் செய்வது. சித்தப்பாதான் தண்ணீர் ஊற்றினார். வெந்நீர் அடுப்பில் போட்டோ எல்லாம் போனது. குரூப் போட்டோ என்றால் அவள் இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு தடவை போன் செய்தாள். அவ்வளவுதான்.

ஜூன் 13, செவ்வாய்

கொன்றைக்கு ஒரு பயனர் மன்றம் இருக்கிறது. மூன்று மணி நேரம் யோசித்து, 'மில்' என்ற பெயரில் சேர்ந்து, ஒரு கேள்வி போட்டேன். வாயால் கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் முடிந்தது.

'பழைய அரசு லேப்டாப். இரண்டு ஜிபி நினைவகம். விசிறியைத் துடைத்தால் மிளகாய்ப் பொடி வருகிறது. R விசையை இரண்டு தடவை அழுத்தினால்தான் விழும். எதைப் போடலாம்?'

ஜூன் 14, புதன்

ஏழு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மின்ட் என்கிறார். ஒருவர், "இந்தப் பெட்டியில் மின்ட் போட்டால் பெட்டியே வெந்துவிடும்" என்கிறார். இன்னொருவர், "பப்பி போடுங்க, காவலுக்கும் ஆச்சு." பிறகு என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையென்றாலும் கடைசியில் 'நன்றி தோழர்' என்று முடிக்கிறார்கள். அந்த மாதிரிச் சண்டையை நான் பார்த்ததில்லை.

கரிச்சான் என்ற பெயரில் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'மூடியின் இடது மூலை உடைந்திருக்கிறதா?'

உடைந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். இந்த மாடலில் எல்லாமே அங்கேதான் உடையும் போலிருக்கிறது என்று 'ஆம்' போட்டேன்.

ஜூன் 15, வியாழன்

பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது, கடவுச்சொல் இல்லாமலே விண்டோஸ் பக்கத்துக் கோப்புகள் தெரிகின்றன. இன்றுதான் கண்டுபிடித்தேன். அக்காவின் கோப்புறைகள். பாடம், பாட்டு, படங்கள், 'நண்பர்கள்' என்று ஒன்று. படங்களை மட்டும் திறந்தேன்.

அம்மா பின்னால் நின்றது தெரியாது. கோயில் கொடை அன்று எடுத்த படம். அக்கா பச்சைத் தாவணி, நான் அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறேன். அம்மா மாவுக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டாள். போன் மாதிரித் தொட்டதும் படம் நகரவில்லை என்றாலும் விரலை எடுக்கவில்லை.

"எங்கட்டி இருந்தா இவ்வளவு நாளும்" என்றாள். பெட்டிக்குள்தான் என்று சொல்ல வந்தேன். அடுத்த படத்தைத் திறந்து காட்டினேன்.

ஜூன் 16, வெள்ளி

மிளகாய் அதிகம். எல்லோரும் தும்மினோம்.

ஜூன் 17, சனி

மன்றத்தில் எனக்கு மட்டும் ஒரு தனிச்செய்தி. கரிச்சானிடமிருந்து. மூன்றே சொல்.

'யார் சொல்லி எழுதுற?'

வாசித்ததும் லேப்டாப்பை அணைக்காமலே மூடிவிட்டேன். அது அக்கா.

ஜூன் 18, ஞாயிறு

சித்தப்பா வந்தார். அம்மாதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. "ஒரு தடவை அந்தப் படத்தப் பாருங்க, மனசு எளகும்" என்றிருக்கிறாள். அப்பா பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் போனில் சொல்லிவிட்டார்.

சித்தப்பா மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

"பெட்டி தொறந்துட்டாமே. தென்காசியில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன். அவளுக்கு ஒத்தாசை பண்ணினது யாரு, எவன் வீட்டுல வச்சிருக்கான், எல்லாம் அதுக்குள்ள இருக்கும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "எதுக்குங்க இனிமே" என்றாள்.

"நீங்க சும்மா இருங்க மதினி. ஒரு கை ஒடஞ்சும் புத்தி வரல்லன்னா இன்னொரு கை இருக்குல்லா."

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கச் சொன்னார்கள்.

ஜூன் 19, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா போன் செய்தபோது எடுத்தது நான். திருப்பூரில் இருக்கிறோம் என்றாள். எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தக் கம்பெனிக்குப் பின்னால் என்று சொன்னாள். நான் கேட்டதால் சொன்னாள். சாயங்காலம் அப்பா எனக்கு மட்டும் அல்வா வாங்கி வந்தார். பக்கத்தில் உட்காரவைத்து, "நல்லா இருக்காளான்னு பாத்துட்டு வந்துருதேன்மா" என்றார். அப்பா என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை. சொல்லிவிட்டேன்.

வேன் எடுத்துக்கொண்டு ஏழு பேர் போனார்கள். அக்கா அந்த நேரம் வீட்டில் இல்லை. அவர் இருந்தார். திரும்பி வந்து எல்லோரும் தோசை கேட்டார்கள். நான்தான் சுட்டேன். "வலது கையால இனிமே சோறு அள்ள மாட்டான்" என்று சித்தப்பா சொன்னது தோசைக்கல் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இவ்வளவு நாளும் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது.

அன்றைக்கு டெபியனில் எழுதி அணைத்தது இதைத்தான்.

இன்று மதியம் அதையே அக்காவுக்கு அனுப்பினேன். 'யாரும் சொல்லி எழுதவில்லை. நானாகத்தான்' என்று தொடங்கி, சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வருவது வரை. R விசையை இரண்டிரண்டு தடவை அழுத்தி.

ஜூன் 20, செவ்வாய்

பதில் வந்தது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

'பேச்சி, நீதான் சொன்னன்னு அன்னைக்கே தெரியும். அப்ப உனக்குப் பதினஞ்சு வயசு. கோவம் இல்ல. ஆனா நான் எங்க இருக்கேன்னு கேக்காத. தெரிஞ்சா நீ சொல்லிடுவ. அடிச்சுக் கேட்டா இல்ல, அன்பாக் கேட்டா சொல்லிடுவ.

இப்ப நான் சொல்றதக் கேளு. அந்தப் பெட்டியில எனக்கு உதவி செஞ்சவங்க பேரு, விலாசம் எல்லாம் இருக்கு. அவங்கள்ல ரெண்டு பேர் வீட்டுல சின்னக் குழந்தைங்க. முழுசா அழிக்கணும்.

கொன்றை போடாத. அதை நாங்க நிறுத்தி ஒரு வருசம் ஆச்சு. செய்ய ஆள் இல்ல, திருத்தம் ஒண்ணும் வராது. எந்தச் சிஸ்டமும் நல்லாருக்கான்னு பாக்கறதுக்கு முன்ன, அதப் பாத்துக்க ஆள் இருக்கான்னு பாரு. மின்ட், உபுண்டு அந்தப் பெட்டி தாங்காது. டெபியன் போடு. சும்மா அழிச்சிட்டுப் போட்டா தெரிஞ்சவன் பழசத் தோண்டி எடுத்துடுவான். டெபியன் போடும்போது வட்டு முழுசையும், அதான் ஹார்டு டிஸ்க், பூட்டோட போடுற வழி இருக்கும். அது முதல்ல வட்டு முழுக்கக் குப்பைய எழுதும். அஞ்சாறு மணி நேரம் ஆகும். நடுவுல நிறுத்தாத. பேட்டரிய நம்பாத.

ஒண்ணும் எடுத்து வைக்காத. பென் டிரைவுல கூட. எடுத்து வச்சா எடுத்து வச்சதத் தேடுவாங்க.

கணினி பத்தி எப்ப வேணாலும் கேளு. எது கேட்டாலும் சொல்றேன். மத்தது வேண்டாம்.'

கேட்காதே என்றதால் கேட்கவில்லை. 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். அவர் கை இப்போது எப்படி இருக்கிறது என்று தட்டச்சு செய்து, அழித்துவிட்டு, 'சரி' என்று அனுப்பினேன்.

ஜூன் 21, புதன்

'நண்பர்கள்' கோப்புறையை நான் திறக்கவில்லை. திறந்தால் எனக்கும் தெரிந்துவிடும்.

ஜூன் 22, வியாழன்

கொன்றையைக் கடைசியாக ஒரு தடவை ஓட்டினேன். ஒன்றும் செய்யவில்லை. அணைக்கும்போது கேட்பதைப் பார்க்கத்தான். நான்கு தடவை கேட்க வைத்தேன். நான்கு தடவையும் 'இல்லை' என்பதை அழுத்தினேன். ஐந்தாவது தடவை அணைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

அப்பாவும் சித்தப்பாவும் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை இன்று இல்லை என்று மில்லுக்கு வந்தவரிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதவுக்கு முன்னால் வந்து கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

'மாற்றங்களை வட்டில் எழுதவா?' என்ற கேள்வி வந்தது. தேர்வு 'இல்லை'யில்தான் நின்றது. நான்தான் 'ஆம்' பக்கம் நகர்த்தினேன்.

அதற்கு முன்னால் அந்தப் பச்சைத் தாவணிப் படத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்த்தால் செய்ய மாட்டேன் என்று பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு 21 சதவீதம். கம்பு அரைத்தோம். ஒன்றேகாலுக்கு 49. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். திரையைப் பார்த்து, "என்னட்டி ஓடுது?" என்றாள்.

"டைப் அடிக்கது போடுதேன்."

"படமெல்லாம் இருக்குல்லா?"

"சாப்பிடும்மா" என்றேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒரு படமாவது வேண்டும் என்பாள். பிறகு யாராவது அன்பாகக் கேட்டால் சொல்லிவிடுவாள். இரண்டு வருடம் கழித்து இன்றுதான் அக்காவின் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தேன்.

மூன்றே முக்காலுக்கு நூறு. அதன் பிறகு டெபியன் ஏறியது. புதுப் பெட்டி மாதிரி இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

தென்காசி ஆள் கண்ணாடி போட்டவர். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, புதுசா ஏத்தியிருக்காங்க. பழசு பொடிப்பொடியாப் போச்சு. எடுக்க முடியாது" என்றார்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "என்னட்டி செஞ்ச?"

"தெரியாம அமுக்கிட்டேன் சித்தப்பா. இங்கிலீசுல கேட்டுச்சு. ஆமான்னு போட்டுட்டேன்."

தமிழில்தான் கேட்டது.

அடித்தார். இடது காது இன்னும் இரைகிறது. "பத்தாங்கிளாசு கூடத் தாண்டாத கழுதைக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடு" என்றார். தாண்டவிடாதது யார் என்று கேட்க வாய் வந்தது. வந்ததே எனக்கு ஆச்சரியம். மூடிக்கொண்டேன். மக்காக இருப்பது இன்று ஒரு நாளாவது எனக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

அப்பா லேப்டாப்பை என்னிடமே தள்ளிவிட்டார். "இனி அதுல என்ன இருக்கு" என்றார். சாயங்காலம் அல்வா வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உண்மையச் சொல்லும்மா. அவகூடப் பேசுனியா?"

"இல்லப்பா."

அல்வாவைத் தின்றேன். தின்னாவிட்டால் சந்தேகப்படுவார்.

ஜூன் 26, திங்கள்

கரிச்சானுக்கு, 'டெபியன் போட்டாயிற்று. நன்றாக ஓடுகிறது' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: 'நல்லது. வாரம் ஒரு தடவை மேம்படுத்து.' கீழே கட்டளை இரண்டு வரி. அவ்வளவுதான். நான் அதை மூன்று தடவை வாசித்தேன்.

டெபியன் அணைக்கும்போது ஒன்றும் பெரிதாகக் கேட்பதில்லை. நானே மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. இன்று மாவு சலிக்கும்போது மில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காது என்று பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு கூடவா எடுத்து வைக்கல்ல?"

"இல்லம்மா."

சல்லடையைத் தட்டிக் கவிழ்த்தாள்.

"அவ கன்னத்துல மச்சம் ஒண்ணு இருக்கும்லா. எந்தப் பக்கம்ட்டி? ராத்திரிப் பூரா நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு."

"இடது" என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டு, தன் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டே கல்லாப் பக்கம் போனாள். அவள் போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா எதிரில் நிற்கும்போது எனக்கு இடதா, அவளுக்கு இடதா?

மதியம் லேப்டாப்பைத் திறந்தேன். மன்றத்தில் கரிச்சான் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, அது அணைகிறவரை உட்கார்ந்திருந்தேன். கணினி பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இது கணினி பற்றிய கேள்வி இல்லை.